டவுன் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது விழுந்த அம்மாவுக்கு இழப்பீடு கேட்கலாமா?

டெல்டா_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 47 வயது, வீட்டு வாசலிலேயே காலையில் இட்லிக் கடை போடுகிறார். போன மாதம் சந்தைக்குப் போய்விட்டு அரசு டவுன் பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். நிறுத்தத்தில் ஒரு கால் தரையில், ஒரு கால் படியில் இருக்கும்போதே விசில் கொடுத்து வண்டியை எடுத்துவிட்டார்கள். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு இரண்டாக உடைந்து, பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் டிப்போவில் இருந்து இரண்டு பேர் வார்டுக்கு வந்தார்கள். செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஐயாயிரம் ரூபாயை நீட்டிவிட்டு, "யார் மீதும் புகார் இல்லை" என்று டைப் செய்த தாளில் அம்மாவிடம் கைநாட்டு கேட்டார்கள், வலது கைதான் கட்டுப்போட்டிருக்கிறதே, இடது கை போதும் என்றார்கள். நான் கொடுக்க விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் "டிப்போவில் பேசி முடிச்சுக்கங்க தம்பி" என்கிறார்கள். தெருவில் உள்ளவர்கள், ஓசி பஸ்ஸில் போய்விட்டு நஷ்ட ஈடு வேறயா என்று சிரிக்கிறார்கள். மகளிர் கட்டணமில்லாச் சீட்டில்தான் போனார், அது உண்மை. அதனால் கேட்க உரிமை இல்லையா? எங்கே போய்க் கேட்பது?

கோர்ட்_வாசல்:

தம்பி, முதலில் அந்தத் தாளில் கையெழுத்து போடவிடாமல் தடுத்தது நல்ல காரியம். அதில் ரேகை பதிந்திருந்தால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதல் ஆவணமாக நீட்டுவார்.

ஓசிச் சீட்டுக் கதையை விட்டுவிடுங்கள். இது டிக்கெட் காசுக்குக் கிடைக்கிற சலுகை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166. வாகனத்தை ஓட்டியவரின் கவனக்குறைவால் காயம்பட்ட யாரும் கேட்கலாம், ரோட்டில் நடந்து போனவர் எந்த டிக்கெட் எடுத்தார்? பூஜ்ஜியம் ரூபாய் சீட்டும் பயணச்சீட்டுதான், அம்மா அந்த வண்டியில் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. பத்திரமாக இருக்கிறதா?

கேட்கிற இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். தனிக் கட்டடம் என்று தேடாதீர்கள், மாவட்டத்தில் இருக்கிற நீதிமன்றங்களே தீர்ப்பாயமாகவும் உட்காரும், சென்னையில் என்றால் சிறுவழக்கு நீதிமன்றம். எம்.சி.ஓ.பி. நம்பர் என்று கோர்ட்டில் எல்லோரும் சொல்வது இந்த மனுவைத்தான். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கிற ஊரிலும் போடலாம்.

எப்.ஐ.ஆர். அவசியம் வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மாட்டேன் என்றால் அதே புகாரை எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்கே ஸ்டேஷனில் இருந்து போன் வரும். தாமதமாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். எப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லியிருக்கிறது, ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கு. ஆனால் ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: ஆபரேஷன், கூட ஆள் இல்லை, ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினார்கள், எது உண்மையோ அது.

விசில்_சத்தம்:

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

வார்டுக்கு வந்து கையெழுத்து கேட்பவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை. கேஸ் ஆனால் டிரைவருக்கு மெமோ, விசாரணை, இன்கிரிமென்ட் கட், அதனால் சங்கத்து ஆளோ டிப்போ ஆளோ கையில் இருந்து காசு போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். ரன்னிங் டைம் கொடுக்கிற லட்சணத்தில் எந்த நிறுத்தத்திலும் நின்று நிதானமாக ஆள் இறக்க முடியாது, பின்னால் வருகிற பிரைவேட் பஸ்காரன் வேறு ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான். இதற்காக உங்கள் அம்மா கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தீர்ப்பாயம் சொல்கிற தொகையைக் கட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகம், டிரைவர் வீட்டுப் பானையில் இருந்து எடுக்க மாட்டார்கள். இந்தப் பரிதாபத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கேஸே போடாமல் விடுகிறார்கள்.

இப்போது காரியத்துக்கு வருவோம். கோர்ட்டில் கழகம் என்ன சொல்லும் தெரியுமா? "வண்டி நிற்பதற்கு முன்பே அந்த அம்மா தானாகக் குதித்தார்." நூற்றுக்கு நூறு இதைத்தான் சொல்லும். எனவே அன்றைக்கு அந்த வண்டியில் வந்த யாராவது ஒருவர், நிறுத்தத்தில் பூக்கடை, டீக்கடை வைத்திருப்பவர், இவர்களில் ஒருவரையாவது பிடியுங்கள். எதிரே உள்ள கடையில் கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே இருக்கும். வண்டி நம்பர், ரூட், நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். சீட்டு தொலைந்திருந்தாலும் கவலை இல்லை, அந்த டிரிப்பில் எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரை சீட்டு போட்டது என்பது வே பில்லில், அதாவது கண்டக்டரின் டிரிப் கணக்குத் தாளில் இருக்கும், கட்டணமில்லாச் சீட்டுக்கும் எண் உண்டு. அதை நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம்.

சும்மா_இருப்போம்:

இதெல்லாம் வேலைக்கு ஆகாது நண்பா. என் சித்தப்பா கேஸ் வருஷக்கணக்கில் ஓடி, வக்கீலுக்குப் பாதி, அலைச்சலுக்குப் பாதி என்று ஆனது. ஐயாயிரத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடு.

கோர்ட்_வாசல்:

சும்மா இருப்போம் சாருக்குப் பெயரே பொருத்தமாகத்தான் இருக்கிறது. இழுக்கும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மணிக்கட்டில் பிளேட் வைத்த 47 வயது அம்மாவுக்கு, அதுவும் கையால் சம்பாதிக்கிறவருக்கு, சூப்பு கணக்கு சரியாக வராது. கணக்கைக் கீழே யாராவது போடுவார்கள், இல்லையென்றால் நான் போடுகிறேன்.

அதற்கு முன்னால் கெடு. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பை 2019 திருத்தத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 1994இல் இப்படி ஒரு வரம்பைத்தான் நீக்கினார்கள், எதற்குத் திரும்ப வைத்தார்கள் என்று கேட்டு வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் நிற்கின்றன. காலதாமதம் என்று மட்டும் சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அந்த உத்தரவை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், ஆறு மாதத்துக்குள் போட்டுவிட்டால் இந்தத் தகராறே உங்களுக்கு வராது.

டெல்டா_பையன்:

அண்ணா, எல்லோருக்கும் நன்றி. சீட்டு இருக்கிறது, அம்மாவின் சுருக்குப் பையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி பேப்பர்களைப் பார்த்தேன். முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தது பக்கத்து வீட்டு அக்கா. சேர்க்கும்போது எழுதிய ஏ.ஆர். சீட்டில் "கீழே விழுந்ததால்" என்று மட்டும் இருக்கிறது, பஸ் என்ற சொல்லே இல்லை. இது பிரச்சினை ஆகுமா?

எலும்பு_டாக்டர்:

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு, அந்தப் பெரிய நோட்டில் நோயாளியோ கூட வந்தவரோ சொல்கிற ஓரிரு வரியை அப்படியே எழுதுவோம். ராத்திரி கூட்டத்தில் "விழுந்துட்டாங்க சார்" என்று சொன்னால் விழுந்ததாக என்றுதான் எழுதுவோம், துருவிக் கேட்க நேரம் இருக்காது. "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதப்பட்டிருந்தால் நிஜமாகவே சிக்கல், உங்களுடையது அவ்வளவு மோசம் இல்லை, எங்கே விழுந்தார் என்பது விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் திருத்தித் தாருங்கள் என்று யாரிடமும் போய் நிற்காதீர்கள், திருத்திய ஏ.ஆர். திருத்தாததைவிடக் கேடு. டிஸ்சார்ஜ் சம்மரியில், வார்டு கேஸ் ஷீட்டில் பஸ் என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் கேட்டு எழுதிய குறிப்பில் பல நேரம் முழுக் கதையும் இருக்கும். கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்கலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், அடிபட்டவரைச் சேர்க்கும்போது எந்த வண்டி, எந்த இடம், எப்படி என்று மூன்றையும் வாய் விட்டுச் சொல்லுங்கள். பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை உண்டு.

பைல்_நம்பர்:

கணக்கு போடச் சொன்னீர்களே, போடுகிறேன். இந்தத் துறையில் சில வருஷம் எழுத்து வேலை பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் காயத்துக்கு இரண்டு விதமாகப் பணம் போடுவார்கள். ஒன்று, ஊனம் இத்தனை சதவீதம், சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்கிக் கொடுத்துவிடுவது. சதவீதத்துக்கு ஐயாயிரம் என்று வைத்து, 20 சதவீதம் என்று சர்டிபிகேட் வந்தால் ஒரு லட்சம். வக்கீல் அசந்தால் இதோடு முடிந்துவிடும். இன்னொன்று, அந்த ஊனத்தால் சம்பாதிக்கிற திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, வயதுக்கு உரிய பெருக்கு எண்ணால் பெருக்குவது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது. உடம்பில் இருக்கிற ஊனம் வேறு, பிழைப்பில் விழுகிற ஊனம் வேறு. சுண்டு விரல் போனால் பாங்க் மேனேஜருக்கு ஒன்றும் ஆகாது, மிருதங்கக்காரருக்குப் பிழைப்பே போகும், அந்த மாதிரி.

உங்கள் அம்மாவுக்கு வருவோம். 46 முதல் 50 வயதுக்குப் பெருக்கு எண் 13, இது 2009 சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணை. இட்லிக் கடையில் மாதம் 12,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என்று வைப்போம். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு 40 முதல் 50 வயது என்றால் எதிர்கால வருமான உயர்வு என்று 25 சதவீதம் சேர்க்க வேண்டும், 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 15,000. வருஷத்துக்கு 1,80,000. பதிமூன்றால் பெருக்கினால் 23,40,000. சம்பாதிக்கும் திறன் 15 சதவீதம் போயிற்று என்று முடிவானால் 3,51,000. இது ஒரு தலைப்பு மட்டும்தான். வலி வேதனைக்குத் தனி, கடை போடாமல் இருந்த மாதங்களின் வருமானம் தனி, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு, சத்தான சாப்பாட்டுக்கு, ஆட்டோ செலவுக்கு என்று தனித்தனியாக. அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவச் செலவு பெரிதாக இருக்காது, ஆனாலும் வெளியே வாங்கிய மருந்துச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். மனு போட்ட தேதியில் இருந்து வட்டியும் உண்டு, நம் பக்கம் 7.5 சதவீதம் போடுவது வழக்கம்.

எனவே மனுவில் "மணிக்கட்டு எலும்பு முறிவு, 20 சதவீத ஊனம்" என்று எழுதி நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. மாவுக் குண்டானைத் தூக்க முடியவில்லை, இட்லித் தட்டை அடுப்பில் இருந்து இறக்க முடியவில்லை, உதவிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறோம் என்று எழுத வேண்டும். ஆள் வைத்திருந்தால் அவரையே சாட்சியாகப் போடலாம்.

கோவை_அக்கா:

கடை இல்லாமல் வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்களுக்கும் இது பொருந்தும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். "அவர் சும்மாதானே இருக்கிறார்" என்று நம் வீட்டு ஆண்களே மனுவில் வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டு வேலைக்கும் ஒரு வருமானத்தைக் கணித்துத்தான் இழப்பீடு போட வேண்டும் என்று 2021இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் தம்பி, வக்கீல் பீஸுக்குப் பயந்து விட்டுவிடாதே. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், அம்மா பெயரில் மனு கொடு.

பறக்கும்_ரயில்:

நடுவில் வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். பஸ்ஸுக்கு இவ்வளவு சொல்கிறீர்கள், ரயிலுக்கு? எலெக்ட்ரிக் டிரெயினில் கூட்டம் தள்ளி என் நண்பன் வாசலில் இருந்து விழுந்தான், கால் போய்விட்டது. அவன்மேல்தான் தப்பு என்கிறார்கள்.

கோர்ட்_வாசல்:

ரயில் வேறு சட்டம், வேறு இடம். ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயம், சென்னையிலேயே அமர்வு இருக்கிறது, ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஒரு விஷயத்தில் பஸ்ஸைவிட ரயில் மேல்: யார் கவனக்குறைவு என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. பயணி ஓடும் ரயிலில் இருந்து தவறி விழுந்தாலே ரயில்வே கொடுக்க வேண்டும், ரயில்வே சட்டம் 124ஏ பிரிவு. தற்கொலை முயற்சி, தானே காயப்படுத்திக்கொண்டது, குற்றச் செயல், குடிபோதை, நோய், இவைதான் விலக்கு. கூட்டத்தில் வாசலில் நின்றது அந்தப் பட்டியலில் இல்லை. டிக்கெட்டோ சீசனோ கையில் கிடைக்காவிட்டாலும் கதை முடிந்துவிடாது என்று 2018 ரீனா தேவி தீர்ப்பு சொல்கிறது, பிரமாணப் பத்திரம் போட்டு ஆரம்பிக்கலாம். எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று தொகை அட்டவணையாகவே இருக்கிறது. பிளாட்பாரத்தில் வழுக்கி விழுந்தது இதில் வராது, அது தனிக் கதை. இதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே பஸ் மட்டும் ஓடட்டும்.

நுகர்வோர்_நலன்:

எதற்கு எம்.சி.ஓ.பி.? சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் போட்டால் சீக்கிரம் முடியும். 2024 பிப்ரவரியில் அமைந்தகரையில் மாநகரப் பேருந்தின் தரைப்பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டை வழியாகக் கீழே போனாரே, அது சேவைக் குறைபாடு இல்லையா?

கோர்ட்_வாசல்:

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முடியாது. இதே நம் ஊர் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம், இன்றைய விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் முன்னோடி, உச்ச நீதிமன்றம் வரை போய் 1995இல் தீர்ப்பு வாங்கியிருக்கிறது. மோட்டார் வாகனத்தால் ஏற்பட்ட விபத்துக்கு இழப்பீடு கேட்க நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை, தீர்ப்பாயம்தான். அங்கே போய் ஒரு வருஷத்தை வீணாக்கிவிட்டு வந்தால் கெடுவும் போயிருக்கும். தரை உடைந்து விழுவதும் வாகனத்தைப் பயன்படுத்தியதில் வந்த விபத்துதான், அதுவும் தீர்ப்பாயத்துக்கே போகும்.

சும்மா_இருப்போம்:

சரி, ஜெயித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கழகம் பணம் கட்டுமா? பேப்பரில் வாரம் ஒரு "அரசு பஸ் ஜப்தி" செய்தி வருகிறதே.

விசில்_சத்தம்:

இந்தக் கேள்வி நியாயமானது. தனியார் பஸ், லாரி என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும். அரசுக் கழகங்களுக்கு இன்சூரன்ஸில் இருந்து விலக்கு உண்டு, தங்கள் நிதியில் இருந்தே கொடுக்க வேண்டும். டீசலுக்கும் பென்ஷனுக்குமே திண்டாடுகிற இடத்தில் கோர்ட் தொகை கடைசி வரிசையில் நிற்கும். அதனால் நிறைவேற்று மனு போடுவார்கள், அமீனா வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் நோட்டீஸ் ஒட்டுவார், உட்கார்ந்திருக்கிற சனங்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு பஸ்ஸை கோர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவோம். நானே ஒரு முறை வண்டியோடு போய் நின்றிருக்கிறேன், கலெக்‌ஷன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு. வண்டி ஓடாவிட்டால் தினமும் நஷ்டம் என்பதால் அதற்கப்புறம் மளமளவென்று காசோலை வரும். அசிங்கமான முறைதான். முன்பே கட்டியிருந்தால் வட்டியாவது மிச்சமாகியிருக்கும், அந்த வட்டியும் சனங்கள் காசுதான். ஆனால் பணம் வராது என்று சொல்லாதீர்கள், வரும்.

சமரசம் என்றால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசலாம். தொகை கொஞ்சம் குறையும், ஆனால் இழுக்காது. அங்கே ஒப்புக்கொண்டால் அப்பீல் இல்லை, இரண்டு பக்கத்துக்கும்தான்.

பைல்_நம்பர்:

இன்னொன்று விட்டுப்போயிற்று. அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 164ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, கொடுங்காயத்துக்கு யார் தவறு என்று பார்க்காமல் இரண்டரை லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் வரும். சாட்சியே இல்லாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அந்த இரண்டரை லட்சத்தைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டால் 166 மனு தானாகக் காலாவதி ஆகிவிடும், எனவே மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். யாராவது வந்து "இரண்டரை லட்சம் உடனே வாங்கித் தருகிறேன், இந்த வெள்ளைத் தாளில் கையெழுத்து போடுங்கள்" என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரி கேன்டீனில் சுற்றுகிற புரோக்கர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஜெயிக்கிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பீஸ் பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், பீஸ் எவ்வளவு என்பதை எழுதியாவது வாங்குங்கள். பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும்.

டெல்டா_பையன்:

தபாலில் அனுப்பிய பிறகு ஸ்டேஷனில் கூப்பிட்டு எப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். கேஸ் ஷீட்டில் "அரசுப் பேருந்தில் இருந்து இறங்கும்போது" என்று இருக்கிறது, எலும்பு டாக்டர் சார் சொன்ன மாதிரி மயக்க மருந்துக் குறிப்பில்தான். நிறுத்தத்தில் வெள்ளரிக்காய் விற்கிற அக்கா சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார், ஆனால் கோர்ட்டுக்கு வந்தால் ஒரு நாள் வியாபாரம் போகுமே என்று கேட்கிறார். அதோடு ஊனச் சான்றிதழ் இப்போதே வாங்க வேண்டுமா?

எலும்பு_டாக்டர்:

இப்போது வேண்டாம். எலும்பு கூடி, பிசியோதெரபி முடிந்து, இதற்கு மேல் கை திரும்பாது என்ற நிலை வந்த பிறகுதான் நிரந்தர ஊனத்தை அளக்க முடியும். இன்றைக்குப் போனால் தற்காலிகம் என்று எழுதுவோம். மனுவை முதலில் போட்டுவிடுங்கள், தீர்ப்பாயமே மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். பிசியோதெரபிக்கு மட்டும் ஒரு நாளும் விடாமல் அழைத்துப் போங்கள், கேஸுக்காக இல்லை, கைக்காக.

கோர்ட்_வாசல்:

வெள்ளரிக்காய் அக்காவுக்குச் சாட்சிப் படி கட்டலாம், வக்கீலிடம் சொன்னால் சம்மனோடு ஏற்பாடு செய்வார். வாய்தா தள்ளிப்போனால் அவருக்கு முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், இரண்டு முறை வீணாக வந்து போனவர் மூன்றாம் முறை வர மாட்டார்.